குங்கிலியமும் குக்குலுவும்: உடற்பருமன் மருந்தாராய்ச்சியில் ஒரு பெயர்ச்சிக்கல்

கோமுகியாறு கல்வராயன் மலையினின்று இறங்கிச் சமநிலம் காணுமிடத்தில் உள்ளது கச்சிராயபாளையம். கச்சிராயர் என்னும் பட்டப்பெயரை உட்கொண்ட இவ்வூர், முன்னர்த் தென்னார்க்காட்டு மாவட்டத்திலும் பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்ததாயிற்று. மலைமேல் வாழும் மலையாளி மக்கள் தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தோர் என்பர். சாமையும் தினையும் வரகும் அவர்தம் பழைய பயிர்கள். கடுக்காயும் நெல்லியும் தேனும் அம்மலை தரும் பொருள்கள். அவற்றுள் கடுக்காய் தனிப்பெயர் பெற்றது. இன்று மலைமேல் மரவள்ளி மிகுந்துவிட்டது. அடிவாரத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது.

உடற்பருமனுக்குரிய மருந்துகளைப் பற்றிய கட்டுரையை இவ்வூரினின்று தொடங்குதற்குக் காரணம் உண்டு. சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானம் பதினைந்தாம் இயல், உடலில் கொழுப்பு மிக்கவனுக்குரிய பொருள்களை ஒரே தொடரில் அடுக்கிச் சொல்கிறது. கன்மதம், குக்குலு, ஆவின் நீர், திரிபலை, இரும்புப் பொடி, இரசாஞ்சனம், தேன், யவம், பயறு, வரகு, சாமை, உத்தாலகம் என்பன அவை. உத்தாலகம் என்பது காட்டுவரகு என்பர். இவற்றோடு உடற்பயிற்சியும் விதிக்கப்படுகிறது. இப்பட்டியலைக் கையிற்கொண்டு கல்வராயன் மலையேறும் ஒருவன், அதன் பெரும்பகுதியை அங்கேயே காண்பான். திரிபலையின் கடுக்காயும் நெல்லியும் உள, தேன் உளது, சாமையும் வரகும் உள. குக்குலு இல்லை. ஆயினும் அதன் பெயர் இருக்கிறது. கிழக்கு மலைத்தொடரின் வறண்ட காடுகளில் குங்கிலிய மரம் என வழங்கும் மரம் ஒன்றுண்டு. குங்கிலியம் என்னும் சொல் வடமொழிக் குக்குலுவோடு உறவுடையது என்பது அறிஞர் கருத்து. பொருள் இல்லாதவிடத்துப் பெயர் மட்டும் வந்து தங்கிய இந்நிலை, கடந்த அறுபது ஆண்டு மருந்தாராய்ச்சியைத் தமிழில் எழுதப் புகுவார்க்கு எத்தகைய இடையூறு விளைக்கின்றது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் நூல்களின் நிலையைக் காண்போம். சரகர் தம் சூத்திரத்தானம் இருபத்தோராம் இயலில் பழிக்கப்படும் உடலினர் எண்மரைக் கூறுகிறார். மிக நெடியர், மிகக் குறியர், மயிர் மிக்கார், மயிரிலார், மிகக் கரியர், மிக வெளியர், மிகப் பருத்தார், மிக மெலிந்தார் என்பார் அவர். எண்மரை எண்ணினும், அவ்வியல் விரித்துரைப்பது கடைசி இருவரையே. பருத்தாருக்கு வாழ்நாட் குறைவு, மந்தம், வலியின்மை, வியர்வை மிகுதி, நாற்றம், பெரும்பசி, பெருநீர்வேட்கை முதலான எட்டுக் குற்றங்கள் உண்டென்றும், மெலிவும் பருமனும் இரண்டும் தீயவேயாயினும் மெலிவே தாழ்வில்லை என்றும் அவர் முடிவு செய்கிறார். அவர் விதிக்கும் உணவிலும் தினையும் சாமையும் வரகும் யவமும் பயறும் கொள்ளும் வருகின்றன. பருமன் என்பது பிற்காலச் செல்வர் நோய் என்று கருதுவார்க்கு இவ்வியல் நல்ல மறுப்பாகும்.

சித்த மருத்துவமும் உடற்றாதுக்கள் ஏழனுள் கொழுப்பை நான்காவதாக வைத்து எண்ணும்; மிகு பருமனை அதிதூலம் என்று வழங்கும். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் ஒரு மருந்தின் பெயரையும் கூறாது, அதன் பெரும்பகுதியை அற்றதறிந்து அளவோடு உண்ணுதற்கே ஒதுக்கினார் என்பதும் இங்கு நினைத்தற்குரியது.

இனிப் பெயரைக் காண்போம். வடமொழி மருத்துவ நிகண்டுகள் நறும்பிசின்களை ஒன்றோடொன்று மயங்காமல் பிரித்தே கூறுகின்றன. குக்குலு ஒன்று, சர்ச்சரசம் அல்லது இராளம் என்பது சால மரத்துப் பிசின், குந்துரு என்பது மற்றொன்று. பாவப்பிரகாசம் இவற்றைத் தனித்தனியே வைத்து, குக்குலுவுள்ளும் மகிடாக்கம், மகாநீலம், குமுதம், பதுமம், இரணியம் என ஐவகை காட்டும். இவ்வைந்தனுள் சில யானைக்கும் சில குதிரைக்கும் உரியன என்றும், மாந்தர்க்கு உரியது பொன்னிற இரணியமே என்றும் அது வரையறுக்கும். மகிடாக்கத்தை மாந்தர்க்கும் கொள்வார் சிலர் என்று ஒரு விலக்கும் தரும். இந்நுணுக்கம் வெறும் வகைப்பாட்டு ஆசையன்று. பிசினை விற்பவன் சொல்லை நம்பாது, நிறமும் மணமும் கண்டு வாங்க வேண்டிய மருத்துவனுக்காகச் செய்யப்பட்ட எச்சரிக்கை அது.

தமிழில் நடந்தது வேறு. குந்துரு என்பது குந்துருக்கம், குந்திரிக்கம் எனத் தன் பொருளோடு வந்து நின்றது. குக்குலு என்பதோ குங்கிலியம் என உருமாறித் தன் பொருளை இழந்தது. தமிழ் மருத்துவ வழக்கில் குங்கிலியம் எனப் பெரிதும் கொள்ளப்படுவது சால மரத்தினத்துப் பிசின். வடநூலார் சர்ச்சரசம் என்றது அதுவே. வெள்ளைக் குங்கிலியம் என்று அடைகொடுத்து வழங்குவதும் உண்டு. ஆகவே தமிழில் ஒன்றன் பெயர் மற்றொன்றின் மேல் ஏறியது எனலாம். மூலப்பொருளைச் சுட்டவேண்டிய இடத்துத் தமிழ் மருத்துவர் மகிடாக்கம் என்பதன் திரிபான சொற்களையோ, குக்குலு, குக்கில் என்பவற்றையோ ஆண்டனர்.

இஃது எப்பொழுது நிகழ்ந்தது என்பதைச் சமய இலக்கியம் கொண்டு முடிவு செய்தல் அரிது. திருக்கடவூர்க் கலயனார் மனைவி தந்த தாலியை நெல்லுக்கு மாற்றாமல் குங்கிலியத்துக்கு மாற்றினார் என்று பெரியபுராணம் கூறும். அது எம்மரத்துப் பிசின் என்பது சேக்கிழாருக்கு வேண்டிய செய்தியன்று. தொண்டின் உறுதியே அவருக்கு வேண்டியது. புகைக்கு எந்த நறும்பிசினும் பொருந்தும். மருந்துக்கு அவ்வாறன்று. ஒரே சொல் கோயிற்புகைக்கும் மருந்துரலுக்கும் பொதுவாக நிற்கும்போது, முன்னதன் நெகிழ்ச்சி பின்னதற்கும் புகுந்துவிடுகிறது.

மருந்துரலின் சான்று தெளிவாகவே உள்ளது. சித்த மருத்துவத்தில் பெயர்பெற்ற குங்கிலிய பற்பம், பிசினை இளநீரில் இட்டுத் தூய்மை செய்து ஆக்கப்படுவது. நீர்க்கடுப்பு, வெள்ளை முதலியவற்றுக்கு அதனை வழங்குவர். குங்கிலிய வெண்ணெய் புண்ணுக்குப் புறத்தே இடும் மருந்து. இவ்விரண்டனுள் எதனிலும் கொழுப்பைக் கரைக்கும் நோக்கம் இல்லை. குக்குலுவின் பணி வேறு, குங்கிலியத்தின் பணி வேறு என்பதைத் தமிழ் மருத்துவர் கையால் அறிந்திருந்தனர். பெயரால் மட்டுமே அது மறைந்தது.

இப்பெயர்ச்சிக்கல் புதிதாகக் கண்டதன்று. சென்னையில் பணிபுரிந்த மருத்துவர் ஒயிட்லா எயின்சிலி 1813-இல் சென்னையிலேயே வெளியிட்ட மருந்துப்பொருள் நூலில் தமிழ்ப் பெயர்களுக்குச் சிறப்பிடம் கொடுத்தார். 1826-இல் அதனை விரித்து இலண்டனில் வெளியிட்டார். அவருக்குப் பின் வந்தவருள் இத்துறையில் தலையாயவர் திருவல்லிக்கேணி மருத்துவர் முகைதீன் செரீப்பு. 1868-இல் வந்த இந்திய மருந்து நூலுக்கு அவர் 1869-இல் எழுதிய துணைநூல், ஒவ்வொரு பொருளுக்கும் இந்திய மொழிகள் பலவற்றின் பெயர்களைத் திரட்டி, எப்பெயர் எப்பொருளுக்கு உண்மையில் உரியது, எது பிழையாக வழங்குகிறது என்பதை ஆராய்வதையே தன் பெருநோக்கமாகக் கொண்டது. கடைவீதிக்குச் சென்று பொருளைக் கேட்டு வாங்கிப் பார்த்தாலன்றிப் பெயரை நம்பலாகாது என்பது அவர் நெறி. தமிழ்ச் சொல்லாராய்ச்சி வரலாறு எழுதுவோர் அவரை நினையாது விடுவது பெருங்குறை என்றே கருதுகிறேன். அகராதிக்காரர் எட்டாத ஒரு துல்லியத்தை அவர் மருந்துச்சாலையினின்று எட்டினார்.

1921-இல் சென்னை அரசு அமைத்த உசுமான் குழு, அதன் செயலாளராக இருந்த கேப்டன் சீனிவாசமூர்த்தி, 1925-இல் சென்னையில் தொடங்கிய இந்திய மருத்துவப் பள்ளி என்பவற்றின் வரலாறு பலரும் அறிந்தது. அதனை இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

நம் பொருளுக்கு நேரே வருவது 1966-ஆம் ஆண்டு. அவ்வாண்டில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி. வி. சத்தியவதி தம் ஆயுர்வேத மேற்பட்ட ஆய்வேட்டை அளித்தார். கொழுப்பு வளர்சிதை மாற்றக் கோளாறுகள், குறிப்பாக நாடித்தடிப்பும் உடற்பருமனும் ஆகிய மேதோரோகம், இவற்றின்மேல் ஓர் உள்நாட்டு மருந்தின் விளைவு என்பது அதன் பொருள். சுசுருதர் மேதோரோகத்துக்கு உரைத்த இலக்கணத்தை இன்றைய நாடித்தடிப்பு நோயோடு ஒப்பவைத்து, அதற்கு விதித்த குக்குலுவை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார் அவர். கொழுப்புணவு ஊட்டப்பட்ட முயல்களின் குருதியில் கொலஸ்டிரால் குறைந்தது. இம்முடிவுகள் 1969-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தன. சத்தியவதி பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரானார். ஒரு பழைய நூலின் ஓர் இயலைப் படித்ததனால் ஒரு மருந்தாராய்ச்சி பிறந்தது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு இந்நாட்டில் அரிது.

அதன்பின் ஆராய்ச்சி இலக்குமணபுரி நடுவண் மருந்தாராய்ச்சி நிலையத்துக்குச் சென்றது. பிசினை எத்தில் அசிட்டேட்டு என்னும் நீர்மத்தில் கரைத்து வாங்கிய சாறு குக்குலிப்பிட் எனப் பெயர்பெற்றது. அதன் செயற்கூறுகளாகக் குக்குல்சுடிரோன் என்னும் பொருள்கள் பிரித்தறியப்பட்டன. பருத்த உடலினரையும் குருதிக் கொழுப்பு மிக்கோரையும் ஒருங்கே கொண்டு குப்புராசன் முதலியோர் செய்த ஆய்வு 1978-இல் வெளிவந்தது. 1986-இல் குக்குலிப்பிட் இந்தியாவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. பம்பாய், பெங்களூர், தில்லி, செய்ப்பூர், இலக்குமணபுரி, நாகபுரி, காசி ஆகிய ஏழிடங்களில் நடந்த ஆய்வு 1989-இல் வெளியாயிற்று. வேளைக்கு 500 மில்லிகிராமாக நாள்தோறும் மூன்று வேளை, 12 கிழமை உண்ட 205 பேருள், நூற்றுக்கு எழுபது எண்பதின்மர்க்குக் கொலஸ்டிரால் சராசரி 23.6 விழுக்காடு குறைந்தது என்பது அதன் முடிவு.

இவற்றுள் பெரும்பாலன கொழுப்பை அளந்தன. எடையை அளப்பதையே நோக்கமாகக் கொண்டவை சில. அச்சிலவற்றுள் ஒன்று 1995-இல் பம்பாய் முதுகலை மருத்துவ இதழில் வந்தது. 58 பேர் இரு கூறாகி, இரு கூற்றாரும் உணவைக் கட்டுப்படுத்தி நடைப்பயிற்சி செய்தனர். ஒரு கூற்றார் மட்டும் குக்குலுவும் உண்டனர். முப்பது நாளின் முடிவில் குக்குலு உண்டார்க்குக் கூடுதலாகக் குறைந்த எடை சராசரி 0.58 கிலோ. 90 கிலோவுக்கு மேற்பட்டாரிடம் மட்டும் இவ்வேறுபாடு 2.25 கிலோவாக இருந்தது. இக்கட்டுரையாசிரியர்கள் தம் ஆய்வின் தலைப்பிலேயே இத்தகைய சோதனையின் இடர்ப்பாடுகளைப் பேசினர் என்பது அவர்தம் நேர்மைக்குச் சான்று. அரைக்கிலோ வேறுபாட்டை வைத்துக்கொண்டு கோட்டை கட்ட அவர்கள் முயலவில்லை.

2002-இல் குக்குல்சுடிரோன் உயிரணுவில் பித்த உப்புக்களை உணரும் ஓர் ஏற்பியைத் தடுக்கும் என்று அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். மருந்து செயற்படும் வழி தெரிந்துவிட்டது என்று மகிழ்ந்தோர் பலர். அடுத்த ஆண்டே பிலடெல்பியாவினின்று வந்த முடிவு அம்மகிழ்ச்சியைக் குலைத்தது. கொழுப்பு மிக்க 103 பேரை மூன்று கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு மருந்தற்ற போலி மாத்திரையும், ஏனை இரு கூற்றார்க்கும் வேளைக்கு 1000, 2000 மில்லிகிராம் குக்குலிப்பிட்டும் எட்டுக் கிழமை கொடுத்தனர். தீய கொலஸ்டிரால் போலி மாத்திரை உண்டார்க்கு 5 விழுக்காடு குறைய, மருந்துண்டார்க்கு 4, 5 விழுக்காடுகளாக ஏறியது. ஆறு பேருக்குத் தோலில் தடிப்பு உண்டாயிற்று.

இம்முரண்பாட்டுக்குக் காரணம் கூறுவார் பலதிறத்தர். அமெரிக்கர் உணவு வேறு என்பார் சிலர். முன்னைய ஆய்வுகளில் ஒப்பீடு தளர்ந்திருந்தது என்பார் சிலர். பிந்தியதே வலியுடைய காரணம் என்பது என் கருத்து. ஆயின் நூல் பயில்வார் கேட்கவேண்டிய வினா ஒன்று எஞ்சி நிற்கிறது. புதிய குக்குலு உடலைப் பெருக்கும், பழைய குக்குலுவே உடலைச் சுரண்டி மெலிவிக்கும் என்று சுசுருதரும் பாவமிசிரரும் ஒருங்கே கூறுகின்றனர். நூலாசிரியர் கருத்துப்படி ஒரே பிசின் தன் வயதுக்கேற்ப இரு எதிர் மருந்துகளாகும். குக்குலிப்பிட் என்னும் பெயரிலோ அதன் அளவிலோ இவ்வயது வேறுபாட்டுக்கு இடமில்லை. நூலின் சொல் ஆய்வுக்கூடத்துக்குள் புகும்போது அதன் அடைகள் வாயிலிலேயே நின்றுவிட்டன. பழமையால் பிசின் மாறுகிறதா என்பது வேதியியலார் அளந்து சொல்ல வேண்டியது; அளக்க வேண்டும் என்று சொல்வது நூல் கற்றார் கடமை.

சென்னையின் சோதனை வரலாறு இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம், 193 நோயாளரை வீட்டிலும் மருத்துவமனையிலுமாகப் பிரித்து ஒரே மருந்தைக் கொடுத்து, வீட்டு மருத்துவமும் நிகரான பயன் தரும் என்று 1959-இல் காட்டியது. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தை மாற்றிய ஆய்வு அது. அதற்கு வலிமை தந்தவற்றுள் ஒன்று, இருபுறத்தார்க்கும் கொடுக்கப்பட்ட மருந்து இன்னதென்பதில் ஐயமே இல்லாமை. பிசினுக்கு அந்த உறுதி தானே வருவதில்லை. மரம், நிலம், பருவம், வயது, தூய்மை என ஒவ்வொன்றாகச் சொல்லி வருவிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இவ்வையம் இரட்டிப்பாகிறது. குக்குலுவின் தாய்மரம் கச்சிலும் இராசத்தானத்திலும் வளரும் முட்புதர். பிசினுக்காக வெட்டுக் காயப்பட்டு அழிந்து, இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் மிகப் பெரிய இடருக்குட்பட்ட இனமாக நிற்கிறது. அதன் உறவினங்கள் நம்மிடம் உள. பச்சைக்கிளுவை நம் மலைச்சரிவுகளில் வளரும். முட்கிளுவை உழவர் வேலிகளில் நிற்கும். குடியால் உடன்பிறந்த கிளுவைக்குக் குக்குலுவின் பெயர் இல்லை. குடியால் வேறாகிய சால இனத்துக்கு அப்பெயர் இருக்கிறது. மூலப்பொருள் அருகும்போது மாற்றுப்பொருள் சந்தைக்கு வருவது இயல்பு. குக்குலு என்பதற்குத் தமிழில் குங்கிலியம் என்றே எழுதும் மொழிபெயர்ப்புகள் இம்மாற்றுக்குச் சொல்லளவில் உரிமை வழங்கிவிடுகின்றன. காசியிலும் நாகபுரியிலும் ஒரு பிசினைப் பற்றி வந்த முடிவை, அம்மொழிபெயர்ப்பைப் படிக்கும் தமிழர் வேறொரு பிசினின் மேல் ஏற்றி உண்ணக்கூடும்.

சுசுருதர் தொடரின் பிற்பகுதியை ஆராய்ச்சி இவ்வளவு விரும்பவில்லை. வரகும் சாமையும் பயறும் உடற்பயிற்சியும் காப்புரிமைக்கு உரியவல்ல. எனினும் அப்பகுதிக்கு அணுக்கமான ஆய்வொன்று சென்னையிலேயே நடந்தது. அ. இராமச்சந்திரன் முதலியோர் நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை நான்கு கூறாக்கினர். ஒரு கூற்றார்க்குப் பொதுவான அறிவுரை மட்டும், ஒரு கூற்றார்க்கு உணவும் நடையும் திருத்தல், ஒரு கூற்றார்க்கு மெட்பார்மின் மாத்திரை, ஒரு கூற்றார்க்கு இரண்டும். 2006-இல் வெளிவந்த முடிவின்படி, மூன்றாண்டில் நீரிழிவு உற்றார் முறையே நூற்றுக்கு 55.0, 39.3, 40.5, 39.5. உணவும் நடையும் மாத்திரைக்கு ஈடாயின. இரண்டையும் சேர்த்ததனால் மிகுபயன் இல்லை. வியப்பு என்னவெனில், எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாமலே நோய் தடைப்பட்டது. மெலிந்த கைகாலும் திரண்ட வயிறும் உடைய நம்மவர் உடலில் பருமன் என்பது தராசு காட்டும் பருமன் அன்று. இந்தியர்க்கு உடற்பருமன் அளவை 30 என்றன்றி 25 என்று கொள்ளவேண்டும் என 2009-இல் இந்திய மருத்துவ அறிஞர் உடன்பட்டதும் இதுபற்றியே. மெட்பார்மினும் முதலில் ஐரோப்பிய மூலிகை ஒன்றன் வழி வந்ததே. ஆயினும் அதன் மூலக்கூறு அறுதியிடப்பட்டபின் மூலிகையின் நாட்டுப்பெயர் பற்றிய வழக்கு அங்கு எழவில்லை.

2021-இல் வந்த செமாகுளூடைடு ஆய்வும் அத்தகையதே. 1961 பேர், 68 கிழமை. மருந்துற்றார் எடை சராசரி 14.9 விழுக்காடும் போலி மருந்துற்றார் எடை 2.4 விழுக்காடும் குறைந்தன. இவ்வளவினைக் கண்ட கண்ணுக்குக் குக்குலுவின் அரைக்கிலோ சிறிதாகவே தோன்றும். உண்மையில் அது சிறிதே. பழமைப்பற்றினால் அதனைப் பெரிதாக்கிக் காட்டுதல் ஆராய்ச்சியன்று. அதற்கு முன் எடை குறைப்பதாக வந்த பென்புளூரமின் இதய வால்வுகளைக் கெடுத்தமையால் 1997-இலும், சிபுத்திரமின் இதய நோயை மிகுத்தமையால் 2010-இலும் மேனாடுகளில் விலக்கப்பட்டன என்பதையும் உடன் நினைக்கவேண்டும்.

சித்த மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்பார், குங்கிலியம் என்னும் சொல் வருமிடந்தோறும் குறிக்கத்தக்கவை மூன்று: அவ்விடத்து மருந்து எந்நோய்க்கு உரியது, பிசினுக்கு நிறம், மணம் பற்றிய அடை உண்டா, தூய்மை செய்யும் முறை இளநீரா, திரிபலைக் குடிநீரா. நீர்க்கடுப்புக்கு இளநீரில் தூய்மை செய்த வெண்பிசின் சால இனத்தது எனக் கொள்ளலாம். வளிநோய்க்கோ கொழுப்புக்கோ திரிபலையோடு வருவது குக்குலுவாதல் கூடும். இரண்டுமல்லாதன ஐயப்பாட்டுக்குரியன எனத் தனியே வைக்கப்படும். அவ்வட்டவணையோடு கல்வராயன் மலையேறி, மலையாளி முதியோர் எம்மரத்தைக் குங்கிலியம் என்கின்றனர், எதனைக் கிளுவை என்கின்றனர், இவற்றின் பிசினை எதற்கு ஆள்கின்றனர் என்று கேட்டெழுதும் பணி முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டில் செய்துமுடிக்கக் கூடியது. வெள்ளிமலைக்குக் கச்சிராயபாளையத்தினின்று பேருந்து உண்டு.